குளிர்காலத்தில் சைக்கிளை மூலையில் சாத்த வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த குளிர்கால யோசனைகளுள், சாலையில் சைக்கிள் ஓட்டும் பழக்கமுடையவர்கள் குளிர் தொடங்கியதும் வண்டியைத் துடைத்து உறையிட்டு வைத்துவிட்டு, வெயில் திரும்பிய பிறகு எடுப்பதே உடம்புக்கு நல்லது என்று ஒரு வரி இருந்தது. எழுதியவரின் அக்கறையில் எனக்கு ஐயமில்லை. ஆனால், உறைபனி விழும் மாதங்களிலும் விடாமல் ஓட்டிவருபவன் என்ற முறையில், அந்த ஒற்றை வரி பலருடைய ஓராண்டு உழைப்பைக் கரைத்துவிடும் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன். குளிர்காலத்தில் சைக்கிளை நிறுத்தத் தேவையில்லை. எதை வெளியே செய்வது, எதை வீட்டுக்குள் செய்வது என்று பிரித்துக்கொண்டால் போதும். வெளியே போகலாமா வேண்டாமா என்பதைக் குளிரைப் பார்த்து முடிவு செய்யாமல், சாலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்றே தெளிவான விடை தருகிறது. 1984-ஆம் ஆண்டில் எட்வர்ட் கோய்ல் என்ற உடலியங்கியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், நன்கு பயிற்சி பெற்றிருந்த 7 பேரை 84 நாட்கள் பயிற்சியின்றி இருக்கச் செய்து அளந்து பார்த்தார்கள். உடல் ஒரு நிமிடத்தில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு முதல் 21 நாட்களிலேயே 7 சதவீதம் குறைந்தது; 56-ஆவது நாள் வாக்கில் 16 சதவீதம் குறைந்த நிலையில் போய் நின்றது. தொடக்கச் சரிவுக்குப் பெரும்பாலும் காரணம், உடலில் ரத்தத்தின் அளவு இறங்கி, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தம் குறைந்துவிடுவதே. உறையிட்ட சைக்கிள் மூன்று மாதம் கழித்தும் வைத்தபடியே இருக்கும்; ஓட்டுபவரின் உடம்பு அப்படி இருப்பதில்லை.

இதைவிட முக்கியமானது, பெற்றதைக் காப்பாற்ற எவ்வளவு குறைவாக உழைத்தால் போதும் என்பது. ராபர்ட் ஹிக்சன் என்பவர் 1980-களின் முற்பகுதியில் தம் குழுவினருடன் செய்த சோதனைகளில், வாரத்தில் 6 நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம் என்று 10 வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை, அடுத்த 15 வாரங்களுக்கு வெவ்வேறு விதமாகக் குறைத்துக்கொள்ளச் செய்தார்கள். வாரத்துக்கு 2 நாளாகக் குறைத்தவர்களுக்கும், நாளுக்கு 13 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கும் ஆக்சிஜன் உச்ச அளவு ஏறக்குறைய அப்படியே நின்றது. நாட்களையும் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, பயிற்சியின் கடுமையை மட்டும் மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ தளர்த்தியவர்களுக்குத்தான் அது இறங்கியது. 13 நிமிடக்காரர்களுக்கு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன் ஓரளவு குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே குளிர்காலத்துக்கு வேண்டியவை இரண்டே: வாரத்தில் இரண்டு நாள் குறுகிய, மூச்சிரைக்கும் பயிற்சி, முடிந்தால் ஒரு நாள் நிதானமான நீண்ட சவாரி. முதலாவதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்குத்தான் சாலை தேவைப்படுகிறது.

சாலை என்றதும் எல்லோரும் குளிரைச் சொல்வார்கள். காற்றே வீசாத நாளில்கூட, 5 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, மூடாத தோலுக்கு அது 0 டிகிரி போல உறைக்கிறது. 0 டிகிரி என்றால் சுமார் -6 போல உறைக்கிறது. அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்ச்சிக் கணக்கின்படி இது. கேட்கவே நடுக்கமாக இருக்கும். ஆனால் மிதிக்கிற உடம்பு ஓர் அடுப்பு. நாம் செலவழிக்கும் ஆற்றலில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். 150 வாட் அளவுக்கு மிதிப்பவரின் உடலிலிருந்து 450 முதல் 600 வாட் வரை வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. எனவே குளிர்காலச் சவாரியில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் குளிரல்ல, வேர்வை. மேடேறும்போது உடை நனைகிறது. இறக்கத்தில் கால் ஓய்ந்து, காற்று இருமடங்காகி, நனைந்த துணி உடம்பின் சூட்டை உறிஞ்சுகிறது.

இதை எவ்வளவு சொன்னாலும் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. அவர்களுக்கு 1988 ஜூன் 5-ஆம் தேதியை நினைவுபடுத்துவேன். இத்தாலியைச் சுற்றிவரும் ஜிரோ பந்தயம் அன்று 2,600 மீட்டருக்கும் உயரமான காவியா கணவாயைப் பனிப்பொழிவில் கடந்தது. ஒல்லாந்து வீரர் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கை உடையுடன் முதல் ஆளாக உச்சியை எட்டினார். இறக்கத்தில் குளிர் அவரை முடக்கிப்போட, முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி வந்து சேர்ந்தார். கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்த அமெரிக்க அணியின் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்று மொத்த நேரக் கணக்கில் முன்னிலையில் இருப்பவருக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்று, அந்தப் பந்தயத்தையே வென்றார். இருவரில் யாருக்கு வலு அதிகம் என்பது அன்றைய கேள்வியாகவே இல்லை.

தங்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மலையுச்சியில் நிற்கும் பார்வையாளர்களிடமிருந்து நாளிதழ் வாங்கி, சட்டைக்குள் நெஞ்சை ஒட்டிச் செருகிக்கொண்டு இறங்குவது சாலைப் பந்தய வீரர்களின் பழைய வழக்கம். தாள் காற்றைத் தடுக்கும், கொஞ்சம் வேர்வையையும் வாங்கிக்கொள்ளும், வேலை முடிந்ததும் எடுத்துப் போட்டுவிடலாம். நானும் செய்திருக்கிறேன். விளையாட்டுப் பக்கத்தின் மை பனியனில் ஒட்டிக்கொண்டு, மூன்று சலவைக்குப் பிறகும் போகவில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை.

உடை விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தோலை ஒட்டி மெல்லிய கம்பளியோ செயற்கை இழைத் துணியோ இருக்க வேண்டும். பருத்தி வேண்டாம், அது நனைந்தால் காயாது. அதன்மேல் ஒரு கதகதப்பான சட்டை, அதன்மேல் முன்பக்கம் காற்றுப் புகாத மேலாடை. வாசலில் நிற்கும்போதே இதமாக இருந்தால், ஒரு துணி கூடுதலாகப் போட்டிருக்கிறோம் என்று பொருள். முதல் பத்து நிமிடம் லேசாக நடுங்குவதே சரியான அளவு. விரல்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. 1980-ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் நடந்த லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் சைக்கிள் பந்தயத்தில் பனிக்கு நடுவே 174 பேர் புறப்பட்டு 21 பேர் மட்டுமே முடித்தார்கள். 9 நிமிடத்துக்கும் அதிகமான இடைவெளியில் வென்ற பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோவுக்கு, இரண்டு விரல்களில் உணர்ச்சிக் குறைபாடு பின்னாளிலும் தங்கிவிட்டது. நமக்குக் கோப்பை காத்திருக்கவில்லை; கையுறையில் கஞ்சத்தனம் வேண்டாம். கால் குளிர்கிறதே என்று இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு காலுறை போடுவது தவறு: ரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் விறைக்கும். ஒற்றைக் காலுறையும் ஷூவின் மேல் மாட்டும் உறையும் போதும்.

இனி, உண்மையில் அஞ்ச வேண்டியதற்கு வருகிறேன். அது பனிக்கட்டி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, வெப்பமானி 3 டிகிரி காட்டியது. உறைநிலைக்கு மேல்தானே என்று கிளம்பினேன். சாலை முழுவதும் ஈரமாக, கருப்பாக, நன்றாகவே இருந்தது. ஒரு சிறு பாலத்தின்மேல் ஏறியதும் டயரின் சத்தம் நின்றுவிட்டது. ஈரச் சாலையில் டயர் எழுப்பும் அந்தச் சீற்றம் சட்டென்று அடங்கியதை நான் கவனித்தேன்; ஏன் என்று யோசிப்பதற்குள் இடுப்பும் முழங்கையும் தரையில் தேய்ந்துகொண்டிருந்தன. சைக்கிள் எனக்கு முன்னால் தனியாக வழுக்கிப் போய்த் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. எழுந்து நிற்க முயன்றபோது காலும் வழுக்கியது. இரவில் தரையை ஒட்டிய காற்று நாம் அளக்கும் உயரத்துக் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. சாலைக்கு அடியில் மண்ணின் சூடு இருக்கிறது, ஆனால் பாலமோ மேலும் கீழும் சூட்டை இழக்கிறது. ஆகவே பாலம் முதலில் உறைகிறது. வெயில் படாத வளைவுகளும், மரநிழலும், சாலையின் குறுக்கே நீர் கசியும் இடங்களும் அப்படித்தான். அந்தப் படலம் கண்ணாடி போன்றது, அடியிலுள்ள தாரின் நிறமே வெளியே தெரியும்.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி எளியது. இரவு மழையோ மூடுபனியோ இருந்து, காலையில் வெப்பநிலை 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் சாலைக்குப் போவதில்லை. உச்சிப்பொழுது வரை காத்திருக்கிறேன், அல்லது வீட்டுக்குள் மிதிக்கிறேன். மாறாக, சாலை காய்ந்திருந்தால் -3 டிகிரியிலும் போகிறேன். தெரியாமல் பனிக்கட்டியின்மேல் ஏறிவிட்டால் பிரேக்கைத் தொடக் கூடாது, ஹேண்டில்பாரைத் திருப்பக் கூடாது, பெடலையும் அழுத்தக் கூடாது. நேராகப் போகவிட வேண்டும். நாள்தோறும் போயே ஆக வேண்டியவர்களுக்கு, கடினமான கார்பைடு முட்கள் பதித்த டயர்கள் கிடைக்கின்றன. கனமானவை, காய்ந்த சாலையில் கரகரவென்று இரைபவை, வேகத்தைத் தின்பவை. ஆனால் பனிக்கட்டியில் பிடிக்கும். ஒரே ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால் முன்சக்கரத்துக்கு வாங்குங்கள்: பின்சக்கரம் வழுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுவதுதான். உலகக் குளிர்கால சைக்கிள் மாநாடு 2013-இல் முதன்முதலாகக் கூடிய ஃபின்லாந்தின் ஊலு நகரில், பனிக்காலம் முழுவதும் மக்கள் சாதாரணமாக ஓட்டிப் போகிறார்கள். அங்கே சைக்கிள் பாதைகளில் பனியை ஒதுக்குவதை நகரத்தின் அன்றாட வேலையாகவே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம்மைவிடக் குளிர் உறைக்காது என்பதல்ல காரணம்.

வேகம் குறைந்துவிட்டதே என்று குளிர்காலத்தில் புலம்பாத சைக்கிள்காரரை நான் பார்த்ததில்லை. 0 டிகிரிக் காற்று 30 டிகிரிக் காற்றைவிடச் சுமார் 11 சதவீதம் அடர்த்தியானது. சமதரையில் வேகமாகப் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. கூடவே பருமனான உடை. அதனால் மீட்டரில் வேகத்தை மறைத்துவிட்டு, இதயத் துடிப்பையோ வாட் அளவையோ மட்டும் பார்ப்பது மனதுக்கு நல்லது. வீட்டுக்குள் 80 பிஎஸ்ஐ அடித்த டயர் வெளியே 0 டிகிரியில் 74 வாக்கில் இருக்கும். பஞ்சர் என்று பதற வேண்டாம், ஈரச் சாலைக்கு அந்தக் குறைவு நன்மையே. 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் பொருந்துமானால் மாட்டிக்கொள்ளுங்கள், மட்கார்டும் போடுங்கள். பின்னால் வருபவர்கள் வாழ்த்துவார்கள்.

இருட்டைப் பற்றி ஒன்று மட்டும். முன்னும் பின்னும் விளக்கு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒளி திருப்பும் பட்டையை மார்பில் மட்டுமல்லாமல் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்: மேலும் கீழுமாக மிதிக்கும் அசைவைக் கண்டதும், எதிரே இருப்பது ஒரு மனிதர் என்பதை ஓட்டுநரின் கண் உடனே பிடித்துக்கொள்கிறது.

பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, செயினை ஒரே வாரத்தில் துருவேற்றிவிடும். வீடு திரும்பியதும் குளிக்கப் போவதற்கு முன்பே ஒரு வாளி வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கழுவி, துடைத்து, ஈரத்துக்கான கெட்டி எண்ணெயைச் செயினுக்கு விட்டுவிட வேண்டும். அழுத்தத்தோடு பீய்ச்சும் குழாயைப் பேரிங் பக்கம் காட்டக் கூடாது. உள்ளேயிருக்கும் கிரீஸை அது வெளியேற்றிவிடும்.

வீட்டுக்குள் மிதிப்பதைச் செக்குமாட்டு வேலை என்று நானும் நெடுநாள் இகழ்ந்திருக்கிறேன். இதற்கு இரண்டு வகைக் கருவிகள் இருக்கின்றன. ஒன்று ரோலர்: மூன்று உருளைகள்மேல் சைக்கிளை வெறுமனே நிறுத்தி, எதிலும் பூட்டாமல் மிதிப்பது. முதல் நாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு ஏறி, கையை விட்ட மறுகணம் உருளையின் விளிம்பைத் தாண்டிச் சுவரில் தோளால் இடித்துக்கொண்டேன்; கீழே முன்சக்கரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி எதிர்ச்சுவரைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் சைக்கிள் நேராக நின்றது. சீராக மிதிக்கவும் நேராக ஓட்டவும் ரோலரைப் போல வேறெதுவும் கற்றுத் தராது. மற்றொன்று டிரெயினர்: பின்சக்கரத்தைத் தாங்கியில் பூட்டியோ, சக்கரத்தையே கழற்றிவிட்டுச் செயினை நேரடியாகக் கருவியில் மாட்டியோ மிதிப்பது. மூச்சு முட்டும் கடும்பயிற்சிக்கு இதுவே பாதுகாப்பு, கண் இருட்டினாலும் விழ மாட்டோம். புதிய கருவிகள் நாம் சொன்ன வாட் அளவைத் தாமே பிடித்து வைத்துக்கொள்கின்றன. மெதுவாக மிதித்து ஏமாற்ற முடியாது.

டிரெயினர் வாங்குபவர்கள் மின்விசிறியை மறந்துவிடுகிறார்கள். சாலையில் நம்மைக் குளிர்விக்கும் காற்று வீட்டுக்குள் இல்லை. மேலே சொன்ன 450, 600 வாட் வெப்பம் அங்கேயே சூழ்ந்து நிற்க, வேர்வை ஆவியாகாமல் தரையில் சொட்டுகிறது. சொட்டும் வேர்வை எந்தப் பயனும் தருவதில்லை, ஆவியாகும் வேர்வைதான் உடலைக் குளிர்விக்கிறது. பெரிய விசிறி ஒன்றை நேர் முன்னால், மார்பு உயரத்தில் வைத்து, சன்னலையும் திறந்துவிட்டால், அதே இதயத் துடிப்பில் கூடுதலாக மிதிக்க முடிவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஹேண்டில்பார்மேல் ஒரு துண்டைப் போர்த்துவதும் அவசியம். நான் இரண்டு குளிர்காலம் அதைச் செய்யாமல் விட்டதில், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஒரு திருகாணி உப்புப் பூத்து, தலை மழுங்கி, கடைசியில் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டியதாயிற்று. சாலை உப்பைக் கழுவிய எனக்கு என் உப்பு கண்ணில் படவில்லை.

வீட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதை நான் ஊக்குவிப்பதில்லை. அங்கே இறக்கமில்லை, சிக்னலில் கால் ஊன்றுவதில்லை, உடம்பு சைக்கிளோடு சாய்வதுமில்லை. இடைவிடாத மிதிப்பும் அசையாத சீட்டும் உட்காருமிடத்தைப் புண்ணாக்கிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதிக்க வேண்டும். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி, 4 நிமிடம் பேச முடியாத அளவுக்குக் கடுமையாகவும் 3 நிமிடம் இலேசாகவும் மாற்றி மாற்றி நான்கு முறை மிதித்து, மெல்ல ஓய்ந்தால், முக்கால் மணி நேரத்தில் ஹிக்சன் சொன்ன கடுமை கைகூடிவிடும். வாரத்துக்கு அது இரண்டு நாள் போதும்.

வீட்டுக்குள் மிதிப்பது உண்மையான பயிற்சியே அல்ல என்பவர்களுக்கு மேத்யூ ஹேமனைக் காட்டலாம். 2016 பிப்ரவரி இறுதியில் ஒரு பந்தயத்தில் விழுந்து கை எலும்பு முறிந்த இந்த ஆஸ்திரேலிய வீரர், எலும்பு கூடும்வரை வீட்டில் டிரெயினரிலேயே மிதித்துவிட்டு, ஏப்ரல் 10-ஆம் தேதி பிரான்சின் பாரிஸ்–ரூபே பந்தயத்தில், அதை நான்கு முறை வென்றிருந்த டாம் போனனைக் கடைசி ஓட்டத்தில் முந்தி வென்றார்; அப்போது அவருக்கு 37 வயது. 2014-இல் அறிமுகமான ஸ்விஃப்ட் போன்ற செயலிகளில் திரைவழியாக மற்றவர்களோடு சேர்ந்து ஓட்டலாம். 2020-இல் உலக சைக்கிள் சம்மேளனமே இதற்கென உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியது, ஆடவர் பட்டத்தை வென்றவர் ஜேசன் ஓஸ்போர்ன் என்ற ஜெர்மானியத் துடுப்புப் படகு வீரர். சலிப்புக்கு இது நல்ல மருந்துதான். ஆனால் திரையில் யாராவது முந்திச் சென்றால் பொறுக்காத மனம், ஓய்வு நாளையும் பந்தய நாளாக்கிவிடுகிறது. அந்த மருந்தை அளவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடல்நலப் பக்கத்தின் எச்சரிக்கை முழுவதும் தவறு என்று நான் சொல்லவில்லை. குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக இழுக்கும்போது மூச்சுக்குழாயின் ஈரம் வற்றி அது சுருங்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இருமலும் இளைப்பும் வரும். வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டால் ஓரளவு குறையும், குறையாவிட்டால் அவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே முழுக் குளிர்காலமும் கழியலாம். குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றுவதால், இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் வெளியே போகக் கூடாது. இவர்களுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்கும் சொன்னதுதான் அந்தக் குறிப்பின் குறை. அதே பக்கத்தில் ஒரு திருத்தமாக, இன்னார் வெளியே போக வேண்டாம், மற்றவர்கள் சாலை உறைந்த நாளில் மட்டும் வீட்டுக்குள் மிதியுங்கள் என்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நாள்தோறும் தங்கள் இதழைப் படிக்கும் ஒரு சைக்கிள் வாசகர்